படிப்பு ஏறலையா, வகுப்பு சரியில்லையா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "வகுப்பறைச் சூழலும் பிள்ளைகளின் படிப்பும்". நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ, வீட்டு வேலை பாக்கிறவ. இதைப் பத்திப் பேச எனக்கு என்ன தகுதின்னு முதல்ல தயக்கமா இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினரா இருக்கிறதால, பயிற்சிகள்ல கேட்டது கொஞ்சம் இருக்கு. நம்ம ஊர்ல கண்ணால பார்த்தது கொஞ்சம் இருக்கு. அந்த ரெண்டையும் வச்சுப் பேசறேன்.

நம்ம பக்கத்துல எல்லா வீட்டுலயும் ஒரு வார்த்தை புழங்குது. "அவனுக்குப் படிப்பு ஏறல." இந்த ஒரு வார்த்தையிலதான் பல பிள்ளைங்க படிப்பு முடிஞ்சு போவுது. தை மாசம் பாத்தி வேலை ஆரம்பிக்கும். மாசி, பங்குனியில வெயில் ஏற ஏற வேலை கூடும். பள்ளிக்கூடத்துல முழு ஆண்டுத் தேர்வு நெருங்குறதும் அதே நேரம்தான். வகுப்புல ஒண்ணும் புரியாம உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு, அம்மாகூட உப்பளத்துக்குப் போறது சுலபமா தெரியும். நமக்கும் கை உதவி ஆச்சுன்னு தோணும். ஒரு வாரம்னு நிக்கிற பிள்ளை அப்புறம் திரும்பப் போறதே இல்ல. பொம்பளப் பிள்ளையா இருந்தா தம்பி தங்கச்சியப் பாத்துக்கன்னு வீட்டுல வச்சிடறோம்.

"ஏறல"ன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கணும்னு சொல்லத்தான் இங்க வந்திருக்கேன். அந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கிற வகுப்பு எப்படி இருக்கு? "எனக்குப் புரியல டீச்சர்"னு அந்தப் பிள்ளையால அங்க வாயத் திறந்து சொல்ல முடியுதா?

வகுப்பறைச் சூழல்னா கட்டடமும் சேர்ந்ததுதான். விளக்கு, மின்விசிறி, குடிதண்ணீர், தண்ணி வர்ற கழிப்பறை எல்லாம் வேணும். நம்ம உப்புக் காத்துல ஜன்னல் கம்பியும் மின்விசிறியும் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும். வயசுக்கு வந்த பிள்ளைங்க, கழிப்பறையில தண்ணி இல்லன்னா மாசத்துல சில நாள் பள்ளிக்கூடமே போறதில்ல. இதெல்லாம் கண்ணுக்குத் தெரியறது. கண்ணுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. டீச்சர் பிள்ளையப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்களா, தப்பாச் சொன்னா மத்த பசங்க சிரிக்கிறாங்களா, கடைசி வரிசையில யாரு உட்கார்றாங்க, அந்தப் பிள்ளைகிட்ட ஒரு நாளைக்கு ஒரு கேள்வியாவது வருதா. இதெல்லாம் சேர்ந்ததுதான் சூழல்.

இது நமக்குப் புதுசு இல்ல. நம்ம குழுக் கூட்டத்தையே நினைச்சுப் பாருங்க. எங்க குழுவுல ஒரு அக்கா இருக்காங்க. சேரும்போது கைநாட்டு. முதல் ஆறு மாசம் கூட்டத்துக்கு வருவாங்க, சந்தாவக் கொடுப்பாங்க, வாயே திறக்க மாட்டாங்க. இன்னைக்குத் தீர்மானப் புத்தகத்துல கையெழுத்துப் போடறாங்க. உள்கடன்ல யாரு எவ்வளவு கட்டணும்னு மனசுலயே வட்டி போட்டுச் சொல்றாங்க. சின்ன வயசுல ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம் போயும் அவங்களுக்கு எழுத்து வரல. நாப்பது வயசுல குழுவுல வந்துச்சு. அதே தலைதானே? அதே மூளைதானே?

குழுவுல என்ன நடந்துச்சு? வட்டமா உட்கார்ந்தோம். முன் வரிசை, பின் வரிசை இல்ல. எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டோம். தப்பாக் கணக்குச் சொன்னா யாரும் சிரிக்கல, பக்கத்துல இருக்கிறவங்க இன்னொரு தரம் எண்ணிக் காமிச்சாங்க. ஒருத்தருக்கே பொறுப்பைக் கொடுக்காம மாத்தி மாத்திக் கொடுத்தோம். அதே சமயம் சட்டதிட்டமும் இருந்துச்சு. கூட்டத்துக்கு வரலன்னா அபராதம், தவணை தப்பினா கேள்வி. பயமும் இல்ல, கட்டுப்பாடும் குறையல. நல்ல வகுப்பும் இப்படித்தான் இருக்கணும். சூழல் நல்லா இருக்கணும்னா பிள்ளைங்களைச் செல்லம் கொடுத்து ஆட விடணும்னு அர்த்தம் இல்ல.

இப்ப ஒரு பெருமையான விஷயம். கொரோனா வந்து 2020 மார்ச்சுல பள்ளிக்கூடம் மூடினாங்க. ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் திரும்பத் திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒண்ணரை வருஷத்துக்கு மேல பிள்ளைங்க தெருவுலதான் இருந்தாங்க. திறக்கறதுக்கு அஞ்சு நாள் முன்னாடி, 2021 அக்டோபர் 27-ஆம் தேதி, "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வச்சார். எங்க தொடங்கி வச்சார்? நம்ம மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்துல. தமிழ்நாடு முழுக்கப் போன ஒரு திட்டம் நம்ம கடற்கரையிலதான் ஆரம்பிச்சது. இதை நம்ம பிள்ளைங்களுக்கு நாம சொல்லணும்.

அந்தத் திட்டம் என்ன செஞ்சது? சாயங்கால நேரத்துல ஒண்ணு, ஒண்ணரை மணி நேரம். ஒரு தன்னார்வலருக்கு ஏறக்குறைய இருபது பிள்ளைங்க. ஒண்ணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும் சொல்லிக் கொடுக்க பன்னிரண்டாவது படிச்சிருந்தாப் போதும், ஆறாவதுக்கு மேல பட்டப் படிப்பு வேணும். மாசம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. திண்ணையிலயும் கோயில் வாசல்லயும் மரத்தடியிலயும் பாட்டு, கதை, விளையாட்டுன்னு நடந்துச்சு. பரீட்சை இல்ல, பிரம்பு இல்ல. சொல்லிக் கொடுத்தது அதே தெருவுல இருக்கிற அக்கா.

எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு. கொரோனா வந்தப்ப ரெண்டாவது படிச்சுக்கிட்டு இருந்தா. பள்ளிக்கூடம் திறந்தப்ப நாலாவது. நடுவுல எழுத்தெல்லாம் மறந்துபோச்சு. அவ போன பள்ளிக்கூடத்துல கடைசி வரிசையில உட்கார வச்சு, "மக்கு"ன்னு கூப்பிட்டிருக்காங்க. மத்த பசங்களும் அதையே கூப்பிட ஆரம்பிச்சிட்டாங்க. காலையில வயித்து வலின்னு அழுவா. அவங்க அம்மா உப்பளத்துக்கு நாலு மணிக்கே கிளம்பறவங்க. அவங்களும் "ஏறல, விட்டுடலாம், தம்பியப் பாத்துக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. அந்த நேரத்துலதான் எங்க தெருவுல சாயங்கால வகுப்பு வந்துச்சு. முதல் பத்து நாள் அவ ஒரு ஓரமா உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தா. அந்தத் தன்னார்வலர் பொண்ணு அவளைக் கட்டாயப்படுத்தல. சாக்பீஸ் எடுத்துக் கொடுக்கிற வேலையக் கொடுத்துச்சு. அப்புறம் பேர் எழுதற வேலை. ஒரு நாள் எழுத்து தப்பாப் போச்சு. "பரவால்ல, இந்தக் கொம்பு மட்டும் மாத்திக்க"ன்னு சொல்லிச்சு. நாலு மாசத்துல சின்னச் சின்ன வாக்கியம் படிச்சா. அவ முதல் மதிப்பெண் எடுக்கிற பொண்ணா மாறிட்டான்னு நான் சொல்லல. இப்ப எட்டாவது படிக்கிறா, நின்னு போகாம படிக்கிறா. அது போதாதா?

இது ஒரு பொண்ணு கதை. பெரிய அளவுல பார்த்தவங்களும் இருக்காங்க. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ என்கிற பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைச் சோதிச்சுப் பார்த்தாங்க. அதே கிராமங்கள்ல 2019-ல எடுத்த கணக்கும் அவங்ககிட்ட இருந்துச்சு. 2021 டிசம்பர்ல பார்த்தா அதே வயசுப் பிள்ளைங்க கணக்குலயும் தமிழ்லயும் ரொம்பப் பின்னாடி போயிருந்தாங்க. பள்ளி திறந்து ஆறு மாசத்துல, இழந்ததுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப வந்துடுச்சு. அப்படித் திரும்ப வந்ததுல ஏறக்குறைய 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால வந்ததுன்னு கணக்கிட்டாங்க. கூடுதல் நேரம் கிடைச்சதும் அதுக்கு ஒரு காரணமா இருக்கும், சூழல் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. ஆனா "ஏறல"ன்னு நாம முத்திரை குத்தின பிள்ளைங்களுக்கு ஏறுச்சு என்கிறது நிரூபணம் ஆச்சு.

பயிற்சியில கேட்ட இன்னும் ரெண்டு விஷயம் என் மனசுல நின்னுபோச்சு.

ஒண்ணு, அமெரிக்காவுல ரோசந்தால், ஜேக்கப்சன் என்கிற ரெண்டு பேர் செஞ்ச சோதனை. 1968-ல அதைப் புத்தகமாப் போட்டாங்க. ஒரு தொடக்கப் பள்ளியில குலுக்கல் மாதிரி சில பிள்ளைங்க பேரை எடுத்து, "இவங்க இந்த வருஷம் நல்லா முன்னேறப் போறாங்க"ன்னு டீச்சர்கிட்ட சொன்னாங்க. அந்தப் பிள்ளைங்களுக்கும் மத்தவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. வருஷக் கடைசியில சோதிச்சா, ஒண்ணாவது ரெண்டாவது படிக்கிற பிள்ளைங்கள்ல அந்தப் பேர் வந்தவங்க மத்தவங்களவிட அதிகமா முன்னேறியிருந்தாங்க. பெரிய வகுப்புல அவ்வளவு வித்தியாசம் இல்ல. பின்னாடி வந்த ஆய்வாளருங்க இதுல எவ்வளவு உண்மைன்னு வாதாடினாங்க. ஆனாலும் நமக்கு ஒண்ணு விளங்குது. சின்ன வயசுல "நீ படிப்பே"ன்னு ஒருத்தர் நம்பினா அது பிள்ளைக்குத் தெரியுது. "மக்கு"ன்னு நினைச்சா அதுவும் தெரியுது.

இன்னொண்ணு, மேரி பட் ரோ என்கிற அம்மா கண்டுபிடிச்சது. கேள்வி கேட்ட டீச்சர் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்காங்கன்னு அளந்து பார்த்தாங்க. பெரும்பாலும் ஒரு நொடிதான். அதை மூணு நொடி ஆக்கினா, பதில் நீளமா வந்துச்சு, வழக்கமா பேசாத பிள்ளைங்களும் பேசினாங்க, "தெரியாது"ன்னு சும்மா இருக்கிறது குறைஞ்சது. மூணு நொடி என்கிறது ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மெதுவா எண்ற நேரம். அதுக்குக் காசு வேணாம், கட்டடம் வேணாம். நாம வீட்டுலயும் செய்யலாம். "இன்னைக்கு என்னடா படிச்சே"ன்னு கேட்டுட்டு, அவன் யோசிக்கறதுக்குள்ள "ஒண்ணுமில்லையா, சரி போ"ன்னு சொல்றோமே, அதை நிறுத்தலாம்.

பயந்தா ஏன் ஏறாது? சந்தைக் கூட்டத்துல பிள்ளையத் தவறவிட்டுட்டுத் தேடும்போது, ஒருத்தர் வந்து "அஞ்சரைக் கிலோ, கிலோ முப்பத்தாறு ரூபா, எவ்வளவு?"ன்னு கேட்டா நமக்குக் கணக்கு வருமா? மனசு முழுக்கப் பயம் இருக்கும்போது கணக்கு நிக்க இடம் இல்ல. அடி விழுமோ, சிரிப்பாங்களோன்னு நினைச்சுக்கிட்டே கரும்பலகையப் பார்க்கிற பிள்ளைக்கும் அதே நிலைமைதான். பாத்தியை நல்லா மிதிச்சுக் கெட்டி பண்ணாம தண்ணி விட்டா உப்பு சேறாப் போகும். அதுக்குத் தண்ணியக் குத்தம் சொல்ல மாட்டோம்.

இதுல ஆசிரியர்களை மட்டும் குத்தம் சொல்றது நியாயம் இல்ல. 2009-ல வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைங்க வரைக்கும் இருக்கிற தொடக்கப் பள்ளிக்கு ரெண்டு ஆசிரியர். வகுப்பு அஞ்சு. ரெண்டு பேர் அஞ்சு வகுப்பைப் பார்க்கணும், பதிவேடு எழுதணும், செல்போன்ல விவரம் ஏத்தணும். நம்ம வீட்டுல ரெண்டு பிள்ளைங்களைச் சமாளிக்கவே நமக்குப் பொறுமை போகுது. அரசாங்கமும் வழி தேடிக்கிட்டுத்தான் இருக்கு. 2003-க்கு அப்புறம் சென்னை மாநகராட்சிப் பள்ளிங்கள்ல செயல்வழிக் கற்றல் வந்து, பிறகு மாநிலம் முழுக்கப் போச்சு. டீச்சரும் பிள்ளைங்களோட பாயில உட்கார்ந்தாங்க, பிள்ளைக்கு எட்டற உயரத்துல கரும்பலகை வந்துச்சு, ஒவ்வொரு பிள்ளையும் அட்டைய வச்சு தன் வேகத்துல படிச்சுது. 2022-ல எண்ணும் எழுத்தும் வந்துச்சு. அதுல பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு அவங்கவங்க நிலையில இருந்து சொல்லித் தர்றாங்க. பின்தங்கின பிள்ளைக்குக் கூட அரும்புன்னுதான் பேர், மக்குன்னு இல்ல.

நம்ம பங்கும் இருக்கு. பள்ளிக்கூடத்துல சேர்க்கும்போது என்ன சொல்றோம்? "டீச்சர், கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க." பாசத்துலதான் சொல்றோம். பக்கத்துல நிக்கிற பிள்ளைக்கு அது எப்படிக் கேக்கும்? அதோட, கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவு பிள்ளைய அடிக்கவும் கூடாது, மனசு நோகும்படி வதைக்கவும் கூடாதுன்னு சொல்லுது. "மக்கு", "தண்டம்", இன்னும் சாதியைச் சொல்லித் திட்டறது எல்லாமே வதைதான். சட்டம் தடுத்த ஒண்ணைச் செய்யச் சொல்லி நாமே அனுமதி கொடுக்க முடியாது.

இன்னொரு பெரிய பங்கு நம்ம குழுப் பெண்கள் கையிலயே இருக்கு. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில தொடங்கின முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25-ல இருந்து மாநிலத்துல இருக்கிற அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாத்துக்கும் வந்துச்சு. கிராமத்துல அதைச் சமைக்கிறது யாரு? சுய உதவிக் குழுப் பெண்கள்தான். விடியறதுக்கு முன்னாடியே உப்பளத்துக்குப் போற அம்மாவால காலையில அடுப்பு மூட்ட முடியாது. பிள்ளை வெறும் வயித்தோட வகுப்புல உட்காரும், பத்து மணிக்குத் தலை சுத்தும், டீச்சர் "தூங்கறான்"னு நினைப்பாங்க. இப்ப சூடா உப்புமா, கிச்சடி, பொங்கல் சாப்பிட்டுட்டு வகுப்புக்குப் போவுது. அந்தப் பிள்ளை காலையில பள்ளிக்கூடத்துல முதல்ல பார்க்கிற முகம் நம்ம அக்கா முகம். அதனால சமைக்கிற அக்காமாருக்கு என் வேண்டுகோள், தட்டை நீட்டும்போது பேர் சொல்லிக் கூப்பிடுங்க. "நேத்து ஏம்மா வரல?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அந்தப் பிள்ளைக்கு வகுப்பு அங்கயே தொடங்கிடுது.

கடைசியா, நம்ம கூட்டமைப்பு முன்னாடி மூணு விஷயம் வைக்கிறேன்.

முதலாவது, பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், உறுப்பினர்ல பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு சட்டம் சொல்லுது. கூட்டம்னு கூப்பிட்டா கையெழுத்துப் போட்டுட்டு வந்துடாதீங்க. சுத்துச்சுவர், குடிதண்ணீர் பத்திக் கேக்கறதோட, "கடைசி வரிசையில யாரு உட்கார்றாங்க, இந்த மாசம் மாத்தி உட்கார வைக்கலாமா?"ன்னு ஒரு கேள்வியும் கேளுங்க. சண்டையாக் கேக்காதீங்க. டீச்சர் கஷ்டத்தையும் கேட்டுட்டு, நாம என்ன உதவி செய்யலாம்னு பேசுங்க.

ரெண்டாவது, ஒவ்வொரு குழுவும் மாசத்துல ஒரு கூட்டத்துல, சந்தா வசூல் முடிஞ்சதும் அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. நம்ம தெருவுல எந்தப் பிள்ளை பத்து நாளா பள்ளிக்கூடம் போகலன்னு பேசுங்க. பேரைத் தீர்மானப் புத்தகத்துல எழுத வேணாம், பிள்ளை மனசு நோகும். எத்தனை பிள்ளைன்னு எண்ணிக்கைய மட்டும் எழுதி, ரெண்டு பேர் அந்த வீட்டுக்குப் போயிட்டு வாங்க. கடன் தவணை தப்பினா வீடு தேடிப் போறோம் இல்லையா? பிள்ளை படிப்பு தப்பினாலும் போவோம். தை மாசத்துல இருந்து சித்திரை வரைக்கும் இதைக் கட்டாயமா செய்யணும், நம்ம ஊர்ல பிள்ளைங்க நிக்கறது அப்பதான்.

மூணாவது, பிள்ளைங்களுக்கு யார்கிட்ட சொல்றதுன்னு தெரியணும். அரசுப் பள்ளிகள்ல "மாணவர் மனசு"ன்னு ஒரு பெட்டி வைக்கச் சொல்லியிருக்காங்க. 14417 கல்வி உதவி எண். 1098 குழந்தைகளுக்கான உதவி எண். இந்த ரெண்டு எண்ணையும் வீட்டுச் சுவத்துல எழுதி வைங்க. ஆனா அதுக்கு முன்னாடி, நம்மகிட்ட சொல்ற தைரியம் பிள்ளைக்கு இருக்கணும். "ஃபர்ஸ்ட் ரேங்க் யாரு?"ன்னு கேக்கறத விட்டுட்டு, "இன்னைக்கு டீச்சர்கிட்ட என்ன கேட்டே?"ன்னு கேட்டுப் பழகுவோம்.

அடுத்த தரம் யாராவது "எம் பிள்ளைக்குப் படிப்பு ஏறல"ன்னு சொன்னா, "ஒரு நாள் பள்ளிக்கூடம் போயி வகுப்புல எட்டிப் பாத்தியாக்கா?"ன்னு கேளுங்க. தேவைப்பட்டா கூடவே போங்க. தனியாப் போக பயமா இருக்கிற இடத்துக்கெல்லாம் சேர்ந்து போறதுக்குத்தானே குழு ஆரம்பிச்சோம். வங்கிக்கு அப்படித்தான் முதல் தடவை போனோம். பள்ளிக்கூடத்துக்கும் அப்படியே போவோம்.